விரல் சொல்லாது, ஊசி சொல்லும்: நாய்க் கட்டிகள் பற்றிக் கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டர், எங்கள் லாப்ரடாருக்கு ஒன்பது வயது. விலாவில் எலுமிச்சம்பழ அளவுக் கட்டி. அமுக்கினால் நழுவுகிறது, வலியில்லை. கொழுப்புக் கட்டிதானே?

பதில்: பெரும்பாலும் அதுதான். ஆனால் 'பெரும்பாலும்' என்று சொல்லி நான் எந்த நாயையும் திருப்பி அனுப்புவதில்லை. மாஸ்ட் செல் புற்று என்னும் தோல் புற்றும் சில நேரம் இதே போல மெத்தென்று இருக்கும். ஒரு நாள் வீங்கும், மறுநாள் வற்றும். விரலுக்கு வித்தியாசம் தெரியாது. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, வருவதைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்க்க வேண்டும். கொழுப்பாக இருந்தால் எண்ணெய் போல மினுங்கும், காயவே காயாது. மற்றதை நுண்ணோக்கியில் பார்ப்போம். மயக்க மருந்து அநேகமாகத் தேவைப்படாது. கட்டி 1 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ ஒரு மாதமாகியும் போகாவிட்டாலோ காத்திருக்காதீர்கள்.

கேள்வி: ஐயா, நான் சோறு வைக்கும் தெருநாய்க்குக் குறியிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. உள்ளே பூக்கோசு போலச் சதை. பிழைக்குமா?

பதில்: பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. நம் தெருநாய்களிடம் அடிக்கடி காணும் தொற்றுப் புற்று இது. இதில் கிருமி ஏதுமில்லை. புற்றுச் செல்லே இணைசேரும்போதும் நக்கும்போதும் அடுத்த நாயிடம் ஒட்டி வளர்கிறது. முகர்வதால் மூக்கிலும் வரும். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் (புற்றுச் செல்லைக் கொல்லும் மருந்து) ஊசி, வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம்; பெரும்பாலான நாய்கள் முழுதாகக் குணமாகின்றன. இரண்டு ஊசியில் ரத்தம் நின்றதும் பலர் நாயைக் கொண்டுவருவதை நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் என் பெரிய எரிச்சல். மருந்து ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும், எனவே வீட்டில் போடும் ஊசியல்ல. மனிதருக்கு இது தொற்றாது.

கேள்வி: எட்டு வயதுப் பெட்டை, கருத்தடை செய்யவில்லை. முலைக்காம்பருகே பட்டாணி அளவில் ஏதோ இருக்கிறது.

பதில்: பட்டாணியாக இருக்கும்போதே வாருங்கள், அம்மா. முலைக் கட்டிகளில் ஏறத்தாழ பாதி புற்றுதான். நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று முதலில் மார்பு எக்ஸ்ரே, பிறகு அறுவை.

கேள்வி: மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினால் கரையுமா?

பதில்: கரையாது. நாய் நக்கித் தின்னும், நாள்தான் போகும்.

கேள்வி: எங்கள் ஆண் நாயின் வயிற்றில் இரண்டு வரிசையாகச் சிறு கறுப்புக் கட்டிகள். பயமாக இருக்கிறது.

பதில்: படத்தைப் பார்த்தேன், தம்பி. அவை முலைக்காம்புகள். ஆண் நாய்க்கும் உண்டு.