கை அறுவை மருத்துவர் ஆவதற்காக ரப்பர் தோட்டத்தை விற்கலாமா?

குலசேகரம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பால்வெட்டும் கத்தி வழுக்கி உங்கள் கணவரின் இரண்டு விரல்களின் அடியில் பாய்ந்ததையும், திருவனந்தபுரத்தில் அறுவை முடிந்து வாரந்தோறும் அவருடன் போய்வந்த மகள் "நானும் கை டாக்டர் ஆவேன்" என்று சொல்லத் தொடங்கியதையும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். நீட் மதிப்பெண் அரசு இடத்துக்குப் போதாது என்பதால், தோட்டத்தை விற்று நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்க்கும்படி துபாயில் இருக்கும் உங்கள் அண்ணன் வற்புறுத்துகிறார். அது அமையாவிட்டால் வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். என்கிறார். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் தோட்டத்தை விற்காதீர்கள்.

எம்.பி.பி.எஸ். இடம் ஒன்றை வாங்கிவிட்டால் கை அறுவை மருத்துவர் ஆகிவிடலாம் என்று உங்கள் அண்ணன் நினைக்கிறார். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டுகள், அதன்பின் எலும்பியலிலோ பொது அறுவையிலோ எம்.எஸ். என்னும் மூன்றாண்டு முதுகலை, அதற்கும் மேல் எம்.சிஎச். என்னும் மூன்றாண்டு உயர்சிறப்புப் படிப்பு அல்லது கை நுண்ணறுவைக்கான இரண்டாண்டு ஃபெலோஷிப் என்று அந்தப் பாதை நீள்கிறது. படிக்குப் படி ஒரு நுழைவுத் தேர்வு உண்டு, ஒரு வருடம்கூட வீணாகாவிட்டாலும் வயது முப்பதை நெருங்கிவிடும். சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனே உள்ள விரல் இரத்தக் குழாயை, முடியைவிட மெல்லிய இழையால் நுண்ணோக்கியின் கீழ் தைக்கும் வேலை அது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையும் கோவை கங்கா மருத்துவமனையும் இத்துறையில் பெயர் பெற்றவை. அங்கே பயிற்சிக்கு இடம் பிடிப்பது எத்தனை கடினம் என்பதை எந்த எம்.பி.பி.எஸ். மாணவரிடம் கேட்டாலும் சொல்வார். தோட்டத்தை விற்ற பணம் முதல் படியிலேயே தீர்ந்துவிடும். மீதிப் படிகளுக்கு எதை விற்பீர்கள்?

டாக்டர் பெண் என்றால் கல்யாணச் சந்தையில் மதிப்பு கூடும் என்று உங்கள் மைனி சொன்னதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. அந்தக் கணக்கில் மகளின் விருப்பத்துக்கு இடமே இல்லை.

அந்த விருப்பத்தைத்தான் உங்கள் கடிதத்தில் தேடிப் பார்த்தேன். மகள் அறுவை அரங்கைப் பார்த்ததே இல்லை. அவள் வியந்து சொன்னதாக நீங்கள் எழுதியவை எல்லாம் அறுவைக்குப் பிறகு நடந்தவை: வெந்நீரில் போட்ட பிளாஸ்டிக் தகடு அனலில் வாட்டிய வாழையிலை போலத் துவண்டதும், சிகிச்சையாளர் அதை அப்பாவின் புறங்கையில் படியவைத்து, மணிக்கட்டைச் சற்று மடக்கி, விரல்கள் முழுதாக நிமிர்ந்துவிடாதபடி நிறுத்தியதும், அது ஆறிக் கெட்டிப்படுவதற்குள் ஓரங்களைக் கத்தரித்து மழுக்கியதும். அந்தத் தடுப்புச் சட்டத்தை ஸ்பிளிண்ட் என்பார்கள். அதைச் செய்தவர், நோயாளியை அன்றாட வேலைகளுக்குத் திரும்பப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி படித்து, கை சிகிச்சையில் தனித் தேர்ச்சி பெற்றவராக இருக்கலாம். உங்கள் மகள் ஆசைப்படுவது அந்த வேலைக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது.

அது அறுவைக்குப் பின் ஒப்புக்குச் செய்யும் துணைவேலை அன்று. விரலின் அடிப்பகுதியில், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் குறுகிய உறைக்குள் ஓடுவதால், அங்கே அறுந்தவற்றை உடனே தைக்கவே ஒரு காலத்தில் அறுவை மருத்துவர்கள் தயங்கினார்கள். தைத்த பின் விரலை அசைக்காமல் விட்டால் தசைநாண் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்ளும். அளவு மீறி இழுத்தால் தையல் அறுந்துபோகும். ஏறக்குறைய ஆறு வாரம் இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவே, விரல் எத்தனை பாகை மடங்குகிறது என்று அளந்து அளந்து நோயாளியை நடத்திச் செல்பவர் சிகிச்சையாளர்தான். நரம்பும் அறுந்திருந்தால் வேலை இன்னும் நீளும்: நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், மணிக்கட்டில் அறுந்த நரம்பு விரல் நுனியை எட்ட ஆறு மாதமாவது ஆகும், அதன் பிறகும் தொடுவது சொரசொரப்பா வழுவழுப்பா என்று விரலுக்குப் புதிதாகப் பழக்க வேண்டும். 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்றி வைத்த டாக்டர் பால் பிராண்டின் நோயாளிகளுக்கும், இடம் மாறிய தசையைப் புதிய வேலைக்குப் பழக்கும் பயிற்சி இன்றியமையாததாக இருந்தது.

நம் குமரி மாவட்டத்தில் இதற்குத் தேவை இல்லையென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினில் விரல் சிக்கியவர்கள், அண்டி ஆபீசில் வருடக்கணக்காக முந்திரிக்கொட்டை உடைத்து மணிக்கட்டு நோவோடு இருக்கும் பெண்கள், குளச்சலிலும் முட்டத்திலும் கயிறும் தூண்டில் முள்ளும் கிழித்த கைகள் என்று தேவை கண்ணெதிரே கிடக்கிறது.

இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்துப் படித்தவர்கள் பி.ஓ.டி. எனப்படும் ஆக்குபேஷனல் தெரபி பட்டப்படிப்பில் சேரலாம். நான்காண்டுப் படிப்பும் அதன்பின் பயிற்சிக் காலமும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் சென்னையை அடுத்த எஸ்.ஆர்.எம். நிறுவனத்திலும் இது நடக்கிறது. மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்காக 2021இல் வந்த தேசிய ஆணையச் சட்டம் இத்தொழிலையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. சேர்க்கை விதிகள் மாறக்கூடியவை என்பதால் இந்த ஆண்டின் கையேட்டையே பாருங்கள். தொடக்கச் சம்பளம் மருத்துவருக்கு நிகராக இராது. பட்டம் பெறுவோரில் பலர் குழந்தைகளுக்கான சிகிச்சை மையங்களுக்கே போகிறார்கள். கைக்கென்று தேர்ச்சி பெற முதுகலையோ, கை அறுவைப் பிரிவுள்ள மருத்துவமனையில் சில ஆண்டு அனுபவமோ வேண்டும். இவற்றை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அனுமதி கிடைத்தால் ஒரு வாரம் அவள் அந்தச் சிகிச்சை அறையில் உட்கார்ந்து பார்க்கட்டும். பார்த்த பிறகும் கத்தியைத்தான் பிடிப்பேன் என்றால், இன்னும் ஒரே ஒரு முறை நீட் எழுதட்டும், அதுவும் அரசு இடத்துக்கு மட்டும். பி.ஓ.டி. என்று முடிவெடுத்தால், பணம் கட்டுவதற்கு முன் அந்தக் கல்லூரியில் மூன்று கேள்விகளை நேரில் கேளுங்கள்: இணைந்த மருத்துவமனையில் கை அறுவை நடக்கிறதா, ஸ்பிளிண்ட் செய்யும் அறை இருக்கிறதா, மாணவர்களை எத்தனை வாரம் அங்கே அமர்த்துகிறார்கள். நேரான பதில் வராத கல்லூரியை, கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.