சமத்துப் பிள்ளை – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. அலுவலகப் பயிற்சிக்காக ஒன்பது நாள் ஹைதராபாத் போக வேண்டியிருந்தது. விழித்திருந்தால் அழுவான் என்று அம்மா சொன்னதால், அவன் தூங்கும்போது கிளம்பினேன். இரண்டு நாள் அழுதானாம். அப்புறம் சமத்தாக இருந்தானாம். திரும்பி வந்து கையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கார் பொம்மையின் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருந்தான். “மறந்துட்டான், சின்னப் புள்ளதானே” என்கிறார் அம்மா. எனக்கென்னவோ அவன் மனதை மூடிக்கொண்டதாகத் தோன்றியது. இந்த வயதில் அது முடியுமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். மறந்துபோன குழந்தை, வேற்று ஆளைப் பார்ப்பதுபோல உங்களை உற்றுப் பார்த்திருக்கும். உங்கள் மகன் பார்க்கவே மறுத்திருக்கிறான். வந்தது யார் என்று தெரிந்தால்தானே மறுக்க முடியும்?

பிரிட்டனில் சமூகப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் ராபர்ட்சன் எடுத்த ஆவணப்படம் ஒன்று 1952இல் வெளிவந்தது. இரண்டரை வயதுகூட நிரம்பாத லாரா என்ற சிறுமி, குடலிறக்க அறுவைக்காக லண்டனில் ஒரு மருத்துவமனையில் எட்டு நாள் தங்குகிறாள். பெற்றோர் உடன் தங்க அன்று அனுமதி கிடையாது. லாரா பெரும்பாலும் அழுவதில்லை, இறுகிய முகத்தோடு இருக்கிறாள். வீட்டுக்குக் கிளம்பும்போது தன் சாமான்களையெல்லாம் பொறுக்கி எடுத்துக்கொள்பவள், அம்மாவின் கையை மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறாள். படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலருக்குக் கோபம் வந்தது. அழாத குழந்தை நன்றாக இருக்கிறது என்றே அவர்கள் நம்பியிருந்தார்கள்.

அந்த நம்பிக்கையை ஆட்டிப் பார்த்தது இன்னொரு ஆய்வு. அமெரிக்காவில் உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த், ஒரு வயதுக் குழந்தைகளைத் தாய் சுமார் மூன்று நிமிடம் விட்டுப் போய்த் திரும்பும்போது கவனித்தார். சில குழந்தைகள் தாய் போனபோதும் அலட்டிக்கொள்ளவில்லை, வந்தபோதும் பொம்மையைவிட்டு நிமிரவில்லை. பிறகு 1977இல் ஸ்ரூஃப், வாட்டர்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் இப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்தபோது அது எகிறியிருந்தது. முகம் சும்மா இருக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நம் வீடுகளில் ‘அழவே மாட்டான், சமத்து’ என்று மெச்சும்போதெல்லாம் எனக்கு இந்தக் குழந்தைகள்தான் நினைவுக்கு வருவார்கள்.

இது எப்போது தொடங்குகிறது? குழந்தைகளின் மனதை ஆராய்ந்த செல்மா ஃப்ரைபர்க், 1982இல் வெளிவந்த கட்டுரையில், பெரும் புறக்கணிப்புக்கு ஆளான குழந்தைகள் மூன்று மாதத்திலேயே தாயின் முகத்தை மட்டும் பார்க்காமல் தவிர்ப்பதைப் பதிவுசெய்தார். அசையாமல் உறைந்துபோவது, எதிர்த்துச் சண்டையிடுவது ஆகியவற்றையும் ஒன்றரை வயதுக்குள் கண்டார். பேச்சு வராத வயதில் உடம்பை வைத்துத்தானே தப்பிக்க முடியும்!

வலிக்கும் உண்மையிலிருந்து மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளைத் தற்காப்புகள் என்பார்கள். சிக்மண்ட் ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்டு 1936இல் விரித்து எழுதிய தற்காப்புகளில் பலவற்றுக்குக் கொஞ்சம் மூளை முதிர வேண்டும். பாலைக் கொட்டிவிட்டு, தரையில் பால் ஓடும்போதே “கொட்டவே இல்லையே” என்று சாதிக்க மூன்று நான்கு வயது போதும். ‘நான் அவளை வெறுக்கவில்லை, அவள்தான் என்னை வெறுக்கிறாள்’ என்று மாற்றிப் போட, அடுத்தவருக்கும் ஒரு மனம் உண்டு என்ற கணக்கு வேண்டும். உளவியலாளர் ஃபீபி கிரேமரின் ஆய்வுகளிலும் மறுப்பு முதலில் வருகிறது, பழியை வெளியே தள்ளுவது பிறகுதான் வலுக்கிறது. ஓர் உத்தியால் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறோம் என்று பிள்ளைக்குப் புரிய ஆரம்பித்தால் அந்த உத்தி செல்லாக்காசாகிவிடும்.

உங்கள் மகனைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஃப்ரைபர்க் பார்த்தது வேறு வகைக் குழந்தைகள். இவன் பழகிய பாட்டியிடம் பழகிய வீட்டில்தான் இருந்தான். இந்த முகத்திருப்பல் பெரும்பாலும் சில நாளில் இளகும். அதற்குப் பிறகு குளியலறைக்குக்கூட உங்களை விடமாட்டான், எரிச்சல்படாதீர்கள். இப்போது கூப்பிட்டுக் கெஞ்சாமல், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு காரை உருட்டுங்கள்.

அடுத்த முறை தூங்கும்போது நழுவாதீர்கள். சொல்லிவிட்டே கிளம்புங்கள். அழுவான், அழட்டும். தூக்கி வைத்துக்கொள்ளத்தான் பாட்டி இருக்கிறாரே.