கருமணலில் சிக்கிய பொடித் தங்கம்

நீலகிரியின் தேவாலா ஓடை மணலை மரவையில் (தங்கம் அலசும் மரத்தட்டில்) அலசினால் கடைசியில் கருமணல் மட்டும் நிற்கிறது, அதை அலசினால் தங்கமும் சேர்ந்து போகிறது என்று கேட்டிருந்தீர்கள். தங்கம் தண்ணீரைப் போல 19.3 மடங்கு கனம், கருமணலில் உள்ள காந்த இரும்புத் தாதுவான மேக்னடைட் 5.2 மடங்குதான். ஆனாலும் மாவு போன்ற தங்கத் தூள், பருமனான கருமணலோடு சேர்ந்து ஓடிவிடும். அதனால் முதலில் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்து, பொடியைத் தனியாக எடுங்கள்.

அப்புறம் காந்தம். பிளாஸ்டிக் பையில் சுற்றி மணலுக்குச் சற்று மேலாக ஓட்டுங்கள். ஒட்டியதை வேறு தட்டில் உதறி இன்னொரு தடவை பிடியுங்கள். முதல் பிடியில் தங்கமும் மாட்டியிருக்கும். கருமணலில் உள்ள இன்னொரு தாதுவான இல்மனைட் காந்தத்தில் அவ்வளவாக ஒட்டாது, அதற்குத்தான் மறுபடி மரவை. தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் மிதக்கும் தூள் அமிழும். இரண்டு கரண்டித் தண்ணீர் போதும். மரவையைச் சாய்த்து விளிம்பை விரலால் தட்டத் தட்ட, கருமணல் நகர்ந்து மஞ்சள் கோடு பின்தங்கும்.

1880 வாக்கில் இங்கே இயந்திரம் இறக்கிய லண்டன் கம்பெனிகளுக்கே கட்டுப்படியாகவில்லை, அவசரப்படாதீர்கள்.

நிழலிலும் மஞ்சளாகத் தெரிந்தால் தங்கம். மினுக்கம் செத்தால் காக்காப்பொன். தூளைத் திரட்டப் பாதரசம் மட்டும் வேண்டவே வேண்டாம். அதைக் காய்ச்சும் ஆவி வீட்டிலுள்ள எல்லோர் மூச்சிலும் போகும்.