பிட்புல் பிறவியிலேயே பொல்லாததா? கேட்டவர்களுக்குப் பதில்

2022 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்தில் ஒரே மாதத்தில் இரண்டு குழந்தைகள் பிட்புல் நாய் கடித்து இறந்தார்கள். அந்த இனத்தையே தடை செய்யச் சொல்லி லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அதிலிருந்து நாய் பழக்கும் என்னிடம் டர்பன், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து நம்மவர்கள் கேட்பதெல்லாம் இதுதான். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

பீனிக்ஸ்: அண்ணா, பக்கத்து வீட்டில் பிட்புல் வாங்கியிருக்கிறார்கள். என் மகளுக்கு நாலு வயது. ரத்தத்திலேயே கொலைவெறி உள்ள நாய் என்கிறார்களே?

நீங்கள் பயப்படுவது நியாயம், தங்கச்சி. ஆனால் கடிக்குமா என்பது ஒரு கேள்வி, கடித்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. 2022இல் 'சயின்ஸ்' இதழில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வந்தது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்றது. ஆகவே பெயரை வைத்து முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

இரண்டாவது கேள்விக்கு இனம்தான் பதில். பொமரேனியன் கடித்தால் பெரும்பாலும் மருந்து போட்டு அனுப்பிவிடலாம். பிட்புல், ராட்வைலர், நம் நாட்டுக் காவல் நாயான 'போயர்போல்' ஆகியவை கவ்வினால் ஆபரேஷன் தியேட்டர்தான். பிட்புல்லின் முன்னோர்களை நாய்ச்சண்டைக்காகவே வளர்த்தார்கள், அதையும் மறைக்கக் கூடாது.

பக்கத்து வீட்டில் மூன்று விஷயம் கேளுங்கள். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிறதா? கருத்தடை செய்தாயிற்றா? கரண்ட் போய், மோட்டாரில் ஓடும் ஸ்லைடிங் கேட்டின் பேட்டரியும் இறங்கிவிட்டால் கேட்டைப் பூட்டுகிறார்களா, அரைகுறையாகத் தள்ளிவிட்டுப் போகிறார்களா? நான் முதலில் பார்ப்பது அந்தக் கேட்டுக்கு அடியில் உள்ள இடைவெளியைத்தான். நாயின் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும்.

வெருலம்: பேசாமல் தடை செய்துவிட்டால் என்ன?

இங்கிலாந்து 1991இல் பிட்புல் உட்பட நான்கு இனங்களைத் தடை செய்தது. பிறகு எக்ஸ்எல் புல்லி என்று ஒரு பெரிய நாய் வகை கிளம்பியது. 2024 பிப்ரவரியிலிருந்து அதையும் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்க முடியாது. நெதர்லாந்து போட்ட தடையை எடுத்துவிடுவதாக 2008இல் அறிவித்தது. அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் 1989இல் பிட்புல்லைத் தடை செய்தார்கள்; 2020 வாக்கெடுப்பில் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். தடை இருந்தபோதே, 1994இல் அங்கே வந்த ஆய்வில் கடித்த நாய்களில் தூக்கலாகத் தெரிந்தவை ஜெர்மன் ஷெப்பர்டும் சௌசௌவும். கட்டிப்போட்ட நாய்களும் கருத்தடை செய்யாதவையும் அந்தக் கணக்கில் கூடுதல்.

அதற்காக, "நாயில் கெட்ட நாயே கிடையாது" என்று சொல்கிறவர்களோடும் நான் சேரமாட்டேன். முரட்டு நாயும் முரட்டு நாயும் சேர்த்துக் கொல்லைப்புறத்தில் குட்டி போடவைத்து, "செம காவல்" என்று விற்கிறார்களே, அந்தக் குட்டிக்கு முரட்டுத்தனம் ரத்தத்தில் வராமல் எங்கே போகும்? இனத்தைத் தடுப்பதைவிட இந்த வியாபாரத்தைத் தடுக்கலாம்.

லெனேசியா: மாமா, யாரோ பூட்டை உடைத்து நாய் வெளியே போய்க் கடித்தால் என் தலையிலா விடியும்?

ஆமாம் தம்பி, உங்கள் தலையில்தான். ரோமானியர் காலத்துச் சட்டம் இன்னும் இங்கே உயிரோடு இருக்கிறது: உங்கள் பக்கம் தப்பே இல்லாவிட்டாலும் நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும். 2017இல் ஜார்ஜ் நகரத்தில் மூன்று பிட்புல் வகை நாய்கள் தெருவில் ஒருவரைக் குதறியதில் அவருக்கு ஒரு கை போயிற்று. திருடன் கேட்டை உடைத்திருப்பான் என்றார் நாய்க்காரர். 2020இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் கவனக்குறைவு என்று நிரூபணமானால் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு.

டோங்காட்: வாலை ஆட்டினால் சிநேகம்தானே?

இல்லை. உடம்பு முழுக்கக் குழைந்து ஆடினால் சரி. வாய் இறுக மூடி, உடம்பு விறைத்து, வால் மட்டும் மேலே நின்று படபடத்தால் மெதுவாகப் பின்வாங்குங்கள். ஓடாதீர்கள்.

மெரேபேங்க்: தீபாவளி வெடிச் சத்தத்துக்கு எங்கள் நாய் சுவரேறிக் குதிக்கிறது. கட்டிப்போடலாமா?

வேண்டாம், அக்கா. கட்டினால் இன்னும் மிரளும், கழுத்து இறுகியும் போகலாம். ஓர் அறையில் விட்டு, திரையை இழுத்துவிட்டு ரேடியோவைப் போடுங்கள். ரேபிஸ் ஊசி போட்டாயிற்றா என்றும் பாருங்கள், நம் குவாசுலு-நட்டால் மாநிலத்தில் அந்த நோய் இன்னும் இருக்கிறது. யாரையாவது கடித்துவிட்டால், சின்னக் கீறலானாலும், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் 15 நிமிடம் கழுவி அன்றே கிளினிக்குக் கூட்டிப்போங்கள். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.