ஜாங்கோ தளத்துக்கு எந்த ஹோஸ்டிங் கட்டுப்படியாகும்?

கேள்வி (மண்டபம்): கருவாட்டு வியாபாரம் செய்கிறோம். அக்கா மகள் ஜாங்கோ என்ற பைத்தான் மென்பொருளில் ஒரு கடைத் தளம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நெத்திலி, சீலா, திருக்கை என்று முப்பது சரக்குதான். 'மாதம் 99 ரூபாய்' என்று ஷேர்டு ஹோஸ்டிங் (பலர் ஒரே சர்வரைப் பங்கிடுவது) விளம்பரம் வருகிறது. வாங்கலாமா? மீன்பிடித் தடைக்காலத்தில் வியாபாரம் படுத்துவிடும், அப்போது பணம் கட்டாமல் நிறுத்தி வைக்க முடியுமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். முதலில் அந்த 99 ரூபாயைப் பார்ப்போம். இம்மாதிரி விலை பெரும்பாலும் 48 மாதத்துக்கு ஒரே தடவையாகக் கட்டினால்தான் கிடைக்கும். 99 பெருக்கல் 48, 4,752 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 5,600 ரூபாயைத் தாண்டும். அடுத்த முறை புதுப்பிக்கும்போது விலை இரண்டு மூன்று மடங்காகலாம். அதனால் புதுப்பிப்பு விலை எவ்வளவு என்று பார்த்துவிட்டே பேரம் பேசுங்கள்.

விலையைவிட முக்கியமான விஷயம் வேறு. ஷேர்டு ஹோஸ்டிங் பிஎச்பி என்ற மொழிக்காக அமைந்தது. யாராவது பக்கத்தைத் திறந்தால் ஃபைல் ஓடும், பதில் கொடுக்கும், முடிந்துவிடும். ஜாங்கோவுக்கு அது போதாது. பைத்தான் புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) ஒன்று எந்நேரமும் மெமரியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்களை வைத்திருப்பவர் அப்படி உட்கார விடமாட்டார். கணக்குக்கு இவ்வளவு மெமரி, இத்தனை புராசஸ் என்று வரம்பு கட்டியிருப்பார். தாண்டினால் வாடிக்கையாளருக்குக் கருவாடு தெரியாது, '508' என்ற பிழைதான் தெரியும்.

ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலில் 'செட்டப் பைத்தான் ஆப்' என்ற வசதி இருந்தால் ஜாங்கோ ஓடும். பின்னால் அதை ஓட்டுவது பாசஞ்சர் என்ற மென்பொருள். வாங்கும் முன் விற்பவரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா? ஜாங்கோ 5.2-க்கு அது கட்டாயம். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) மூலம் சர்வருக்குள் போக முடியுமா? என் கணக்குக்கு ராம் (மெமரி) எவ்வளவு? அவர் 'அன்லிமிடெட்' என்று சொன்னால் அது பதிலே அல்ல. வட்டில் இடம் வேண்டுமானால் தாராளமாக இருக்கலாம், ராமுக்குக் கட்டாயம் ஓர் எண் உண்டு. பாசஞ்சரில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. விலையை மாற்றி நிரலைப் பதிவேற்றினாலும் ஆப்பை ரீஸ்டார்ட் செய்யாதவரை பழைய விலையே காட்டும். பலர் 'ஹோஸ்டிங் சரியில்லை' என்று சண்டைக்குப் போவது இதற்காகத்தான்.

உங்கள் அளவுக்கு என் தேர்வு 1 ஜிபி ராம் உள்ள சிறு விபிஎஸ் (உங்களுக்கென ஒதுக்கிய சர்வர் பங்கு). மாதம் 5 முதல் 7 டாலருக்குள் கிடைக்கிறது, ஜிஎஸ்டி தனி. மாதாமாதம் கட்டலாம். உபுண்டு லினக்ஸ் போட்டு, முன்னால் வருகைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ், பின்னால் ஜாங்கோவை ஓட்டும் கூனிகார்ன், அதே மெஷினில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். கூனிகார்னுக்கு 2 வொர்க்கர் (வேலை செய்யும் புராசஸ்) போதும். 'கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டு' என்ற வழக்கமான கணக்குப்படி ஒரு கோருக்கு 3 வரும், ஆனால் 1 ஜிபியில் போஸ்ட்கிரெஸும் சேர்ந்து இருப்பதால் 2-ல் நிறுத்துங்கள். 1 ஜிபி ஸ்வாப்பும் (மெமரி போதாதபோது உதவும் வட்டு இடம்) போட்டு வையுங்கள். அது இல்லாவிட்டால் மெமரி நிரம்பும் நேரத்தில் லினக்ஸ் தானாக ஒரு புராசஸைக் கொன்றுவிடும், பெரும்பாலும் அது டேட்டாபேஸாக இருக்கும். தளத்தைப் பாதுகாப்பாகத் திறக்க உதவும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குக் காசு கொடுக்க வேண்டாம். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் சான்றிதழ் இலவசம், செர்ட்பாட் என்ற கருவி அதைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

தடைக்காலத்தைக் கேட்டிருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விபிஎஸ்ஸை ஆஃப் செய்து வைத்தாலும் பில் ஓடும், ஏனென்றால் வட்டும் ஐபி முகவரியும் உங்களுக்காகவே ஒதுக்கப்பட்டிருக்கும். ஸ்னாப்ஷாட் (சர்வரின் முழு நகல்) எடுத்துவிட்டு சர்வரை அழித்தால்தான் பில் நிற்கும். ஆனால் திரும்ப எழுப்பும்போது ஐபி மாறலாம், டொமைன் (தளத்தின் பெயர்) அமைப்பில் போய்த் திருத்த வேண்டும். மிச்சமாவது பத்துப் பன்னிரண்டு டாலர். இருப்புச் சரக்கு விற்கிற காலத்தில் கடையைப் பூட்ட வேண்டாம், ஓடட்டும்.

கேள்வி (ராமேஸ்வரம்): லாட்ஜ் அறை முன்பதிவுக்கு இலவச ஹோஸ்டிங்கில் ஜாங்கோ ஆப் ஓடுகிறது. விடிகாலையில் முதல் ஆள் திறந்தால் ஒரு நிமிஷம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. போன வாரம் தம்பி வாடகையை மட்டும் மாற்றிப் பதிவேற்றினான், முன்பதிவுப் பட்டியல் முழுக்கக் காலி. ஆடி அமாவாசை வருகிறது. என்ன செய்வது?

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறு. இலவசத் திட்டங்களில் கொஞ்ச நேரம் யாரும் வராவிட்டால் ஆப்பைத் தூங்கவைத்துவிடுவார்கள், சில இடங்களில் 15 நிமிஷம்தான். அடுத்து வருபவர்தான் அதை எழுப்பவேண்டியிருக்கிறது. காத்திருப்பது மட்டும் தொல்லையல்ல. விருந்தினர் யுபிஐயில் முன்பணம் கட்டியதும் பணத்தை வாங்கித்தரும் பேமென்ட் கேட்வே உங்கள் ஆப்புக்கு ஒரு தகவல் அனுப்பி, சில நொடிக்குள் பதிலை எதிர்பார்க்கும். ஆப் தூங்கினால் பணம் வந்திருக்கும், அறை பதிவாகாமல் போகலாம். அமாவாசைக்கு முதல் நாள் இரவு பையும் பிள்ளைகளுமாக வந்து நிற்கிறவரிடம் இதை எப்படி விளக்குவீர்கள்?

பட்டியல் காலியானதற்குக் காரணம் எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ். அது டேட்டா முழுவதையும் ஒரே ஃபைலில் வைக்கும். இந்த வகை ஹோஸ்டிங்கில் ஒவ்வொரு முறை பதிவேற்றும்போதும் புதுப் பெட்டியில்தான் ஆப் எழும்பும், பழைய பெட்டியின் வட்டு போய்விடும். நீங்கள் ஏற்றிய அறைப் படங்களும் அதோடு போயிருக்கும், பாருங்கள். போன டேட்டாவை மீட்க வழியில்லை. கேட்வே கணக்கிலுள்ள வரவுப் பட்டியலையும் வாட்ஸ்அப் செய்திகளையும் வைத்து இன்றே கையால் எழுதி எடுங்கள்.

பிறகு இந்த வரிசையில் செய்யுங்கள்: டேட்டாபேஸை போஸ்ட்கிரெஸுக்கு மாற்றுங்கள், படங்களைத் தனி ஸ்டோரேஜுக்கு அனுப்புங்கள், அதன் பிறகே தூங்காத கட்டணத் திட்டத்துக்கோ விபிஎஸ்ஸுக்கோ மாறுங்கள். இலவச போஸ்ட்கிரெஸ் எடுத்தால் அதற்குக் காலாவதித் தேதி உண்டா என்று பாருங்கள், சில திட்டங்களில் உண்டு. தினமும் பிஜி டம்ப் (டேட்டாபேஸின் நகல்) எடுத்து வேறோர் இடத்துக்கு அனுப்ப, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் ஒரு வரி போதும். சர்வர் கடிகாரம் பொதுவாக யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம்மூர் இரவு 2 மணிக்கு ஓட வேண்டுமானால் 20:30 என்று கொடுக்க வேண்டும். எடுத்த டம்ப்பை மாதம் ஒருமுறை உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றி, முன்பதிவுகள் தெரிகின்றனவா என்று திறந்து பாருங்கள்.

கேள்வி (கீழக்கரை): ஹோஸ்டிங் வாங்கும்போது 2,400 ரூபாய் காட்டியது. கட்டும் பக்கத்தில் 3,900 ஆகிவிட்டது. டொமைன் வேறு டெவலப்பர் தம்பி பெயரில் இருக்கிறது. புகார் செய்ய வழி உண்டா?

பதில்: பில்லை வரிவரியாகப் பாருங்கள். நீங்கள் கேட்காத பேக்கப், 'சைட் செக்யூரிட்டி', மெயில் ஆகியவை முன்கூட்டியே டிக் ஆகியிருந்திருக்கலாம். வாங்குபவர் சம்மதமின்றிப் பொருளைக் கூடையில் சேர்ப்பதை 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட டார்க் பேட்டர்ன் (வாங்குபவரை ஏமாற்றும் வடிவமைப்பு) வழிகாட்டுதல்கள் தடைசெய்கின்றன. முதலில் விற்பவருக்கு மெயிலில் எழுதி, ஸ்கிரீன்ஷாட்டோடு பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரை புகாருக்குக் கட்டணம் கிடையாது. 'வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் அல்ல' என்று எதிர்த்தரப்பு சொல்லும். 2019 சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக வாங்கியவரும் நுகர்வோர்தான்.

டொமைன் விஷயத்தில் தயங்கவே கூடாது. தம்பி நல்லவராகவே இருக்கட்டும், அவர் துபாய் போய் மெயில் மாறிவிட்டால் புதுப்பிப்பு அறிவிப்பு யாருக்குப் போகும்? உங்கள் பெயரில் ரெஜிஸ்ட்ரார் (டொமைன் விற்பவர்) கணக்குத் திறந்து, தம்பியிடம் டொமைன் லாக்கை எடுக்கச் சொல்லி, ஆத் கோடு (மாற்றுவதற்கான ரகசியக் குறியீடு) வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி (தொண்டி): அமெரிக்க சர்வர் கொஞ்சம் மலிவு. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒவ்வொரு கிளிக்கும் கடல் தாண்டிப் போய் வர வேண்டும், செல்போன் சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் அது நன்றாகவே தெரியும். சென்னை, மும்பை, பெங்களூரு ஆகிய இடங்களிலேயே அதே 5, 6 டாலருக்கு விபிஎஸ் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கட்டுவதானால் கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் முன்கூட்டியே திறந்து வையுங்கள். பல விபிஎஸ்களில் மெயில் போர்ட்டுகள் (மெயில் வெளியே போகும் வழிகள்) அடைக்கப்பட்டிருக்கும். ஆர்டர் மெயில் போகவில்லை என்றால் நிரலைக் குடையாமல், ஏபிஐ (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வழி) மூலம் அனுப்பும் மெயில் சேவைக்கு மாறுங்கள்.