பழைய வால்வு டிவியின் பாகங்களை உடையாமல் கூரியரில் அனுப்புவது எப்படி?

கேள்வி: கோலாலம்பூர் பக்கம் செராஸில் இருக்கிறேன். 1960-களின் கறுப்பு வெள்ளை வால்வு டிவி (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஓடுவது) ஒன்றைப் பிரித்துவிட்டேன். பிக்சர் டியூப், வால்வுகள், லைன் டிரான்ஸ்பார்மர், முன்பக்கக் குமிழ்கள் எல்லாவற்றையும் பினாங்கில் ஒருவருக்கு அனுப்ப வேண்டும். எப்படிப் பேக் செய்தால் பத்திரமாகப் போய்ச் சேரும்?

பதில்:

நான் இந்தப் பக்கம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் இருந்துகொண்டு இப்படிப்பட்ட பெட்டிகளைப் பிரிக்கிற ஆள். பழைய ரேடியோ, டிவி பழுதுபார்ப்பதுதான் வேலை. உடைந்து வருகிற பெட்டிகளைப் பார்த்தால் ஒன்று புரியும். பெட்டி கீழே விழுந்து உடைவதைவிட, உள்ளே இருக்கிற பொருள்கள் ஒன்றோடொன்று மோதி உடைவதுதான் அதிகம். பிக்சர் டியூப்புக்கு உயர் மின்னழுத்தம் தரும் கனமான லைன் டிரான்ஸ்பார்மரையும் வால்வுகளையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டால், வழியெல்லாம் அந்த டிரான்ஸ்பார்மர் சுத்தியல் வேலை பார்க்கும். எத்தனை சுற்று பபிள் ரேப் சுற்றினாலும் இதற்குப் பயன் இல்லை. கனமானது தனிப் பெட்டி, கண்ணாடி தனிப் பெட்டி. உள்பெட்டிக்குள் எதுவும் அசையக் கூடாது. அந்த உள்பெட்டியை வெளிப்பெட்டிக்குள் வைக்கும்போது ஆறு பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் மெத்தை இருக்க வேண்டும்.

முதலில் பிக்சர் டியூப். கூடுமானவரை இதைக் கூரியரில் அனுப்பாதீர்கள். பினாங்குக்குக் காரில் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அன்றைக்குக் காரில் இடம் இருக்குமா என்பது வேறு விஷயம். டியூப்புக்குள் காற்று இல்லை. வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையோடு அழுத்துகிறது. 23 அங்குல டியூப் என்றால் முகத்தில் மட்டும் ஒன்றரை டன்னுக்கு மேல். முகத்தைச் சுற்றி இரும்புப் பட்டை இறுக்கியிருந்தால் அது ஓரளவு பாதுகாப்பு உள்ள வகை. பட்டை இல்லாமல், செட்டின் முன்னால் தனியாக ஒரு கண்ணாடி இருந்தது என்றால் பழைய வகை. அதைக் கூரியர் கவுண்டர் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

டியூப்பைத் தொடும் முன் மின்சாரத்தை இறக்குங்கள். செட்டை எப்போதோ அணைத்திருந்தாலும் டியூப்பே ஒரு பெரிய கெப்பாசிட்டர், சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். பக்கவாட்டில் ரப்பர் மூடி போட்ட ஆனோடு, அதாவது உயர் மின்னழுத்தம் நுழையும் முனை, இருக்கிறதல்லவா, அதையும் வெளியே பூசியிருக்கும் கரிப்பூச்சையும் நல்ல பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரும் ஒயரும் வைத்து இணைக்க வேண்டும். சில நிமிடம் விட்டு மறுபடியும் செய்யுங்கள், கண்ணாடியில் ஊறியிருந்த சார்ஜ் மெல்லத் திரும்பி வரும். அந்த ஷாக் ஆளைக் கொல்லுமோ இல்லையோ, கையிலிருக்கும் டியூப்பைக் கீழே போட வைக்கும். ஆபத்து அங்கேதான். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த உறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் தூக்காதீர்கள்.

தூக்குவது எப்போதும் முகத்தின் ஓரங்களில் இரண்டு கையையும் கொடுத்துத்தான். கழுத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது. மின்கதிரை 110 டிகிரிக்கு விரிக்கும் டியூப்களின் கழுத்து 29 மில்லிமீட்டர் விட்டம்தான், கண்ணாடியும் அங்கே மெல்லியது. கழுத்தில் மாட்டியிருக்கும் யோக் (அந்தக் கதிரைத் திருப்பும் கம்பிச் சுருள்), கிளாம்ப்பைத் தளர்த்தியதும் சுலபமாக வழுக்கி வந்தால் கழற்றித் தனியாக அனுப்பலாம், அதன் ஃபெரைட் வளையமும் எளிதில் உடையும் என்பதை மறக்காமல். வரவில்லையா, அப்படியே விட்டுவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் உள்ளே இருக்கும் ரப்பர் உருகிக் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் கழுத்துதான் போகும். கழுத்தின் நுனியிலுள்ள பிளாஸ்டிக் மூடியையும் கழற்ற வேண்டாம். டியூப்பிலிருந்து காற்றை உறிஞ்சி மூடிய முனை அதற்குள்தான் இருக்கிறது.

பெட்டியில் டியூப் முகம் கீழே, கழுத்து மேலே. எடை முழுவதும் முகத்தின் ஓரத்தில் உட்கார வேண்டும். கழுத்து கீழே இருந்தால் உள்ளே உதிர்ந்த துகள்கள் கழுத்திலுள்ள எலெக்ட்ரான் கன்னுக்குள் போய் உட்காரவும் வாய்ப்பு உண்டு. தரையில் ஒரு தடித்த ஃபோம், சுற்றிலும் ஃபோம் துண்டுகள். கழுத்தைச் சுற்றி மட்டும் ஒன்றும் திணிக்காதீர்கள். கழுத்து காற்றில் நிற்க வேண்டும், அதற்கு மேலே ஒரு சாண் இடமாவது காலியாக இருக்க வேண்டும். மூலைகளில் அட்டையை மடித்துத் தூண் மாதிரி நிறுத்திவிட்டால், மேலே யாராவது இன்னொரு பெட்டியை அடுக்கினாலும் பாரம் தூண்களில் இறங்கும்.

அடுத்தது வால்வுகள். இவற்றைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் இவைதான் சுலபம். பிசிஎல்82 போன்ற ஒன்பது முள் வால்வுகளின் தலையில் ஒரு கூர்முனை இருக்கும், கண்ணாடியை உருக்கி மூடிய இடம் அது. அந்த முனையில் எடை விழாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பழக்கடையில் ஆப்பிள், பேரிக்காய்க்குப் போடும் வெள்ளை நுரை வலை இருக்கிறதே, அதை இரட்டையாக மடித்து ஒவ்வொரு வால்வுக்கும் மாட்டுங்கள். கேட்டால் சும்மாவே தருவார்கள். அப்புறம் அட்டையைச் சுருட்டிக் குழாயாக்கி ஒவ்வொன்றையும் உள்ளே நிறுத்துங்கள். முள் வளையாமல் இருக்க அடியில் ஒரு துண்டு ஃபோமில் குத்தி வைக்கலாம். பிஎல்36 வால்வைக் கண்ணாடியைப் பிடித்துப் பிடுங்காதீர்கள். அடிப்பாகம் பேக்கலைட், கண்ணாடியோடு பசையால் ஒட்டியது, இத்தனை வருடச் சூட்டில் அந்தப் பசை தளர்ந்திருக்கும். தலையிலுள்ள உலோகத் தொப்பிக்கும் இதே கதைதான்.

இன்னொன்று: வால்வின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைத் துடைக்காதீர்கள், அதன்மேல் செலோடேப்பும் ஒட்டாதீர்கள். விரல் பட்டாலே அழிந்துவிடும். எண் போன வால்வை வாங்குகிறவர் பாதி விலைக்குக் கேட்பார். எண்ணை ஒரு காகிதத் துண்டில் எழுதி குழாய்க்குள் போட்டால் போதும்.

லைன் டிரான்ஸ்பார்மரில் உடைவது மெழுகு பூசிய சுருள். வெயிலில் நிற்கும் வேனுக்குள் அந்த மெழுகு இளகும், பபிள் ரேப் அதில் ஒட்டிக்கொள்ளும். பட்டர் பேப்பரில் முதலில் சுற்றுங்கள். அட்டையில் துளை போட்டு அதன் இரும்புச் சட்டத்தைக் கேபிள் டையால் கட்டிவிடுங்கள். சுருளில் எதுவும் படக் கூடாது.

குமிழ்களை மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றினால் போதும். பிளாஸ்டிக் நேரடியாகப் பட்டால் தங்க நிற வளையங்களில் தடம் விழும். செட்டின் முன்னால் தனியாகக் கண்ணாடி இருந்திருந்தால் அதைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி அனுப்புங்கள். எல்லாப் பெட்டியிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போடுங்கள். நிரப்புவதற்குச் செய்தித்தாள் வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் அது தொய்ந்து, பட்டர்வொர்த் வருவதற்குள் பெட்டிக்குள் காலி இடம் உண்டாகிவிடும். மூடியபின் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகர்ந்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.

'உடையும் பொருள்' ஸ்டிக்கரை மூன்று மொழியில் ஒட்டினாலும் கன்வேயர் பெல்ட்டுக்குப் படிக்கத் தெரியாது. ஒட்டுங்கள், ஆனால் அதை நம்பிப் பேக் செய்யாதீர்கள். காப்பீடு எடுக்கும் முன் கண்ணாடிக்கும் அது செல்லுமா என்று விதிகளைப் படியுங்கள், பல கூரியர்கள் கண்ணாடியை விலக்கிவிடுவார்கள். பெரிய பெட்டிக்கு எடையைவிட அளவுக்குத்தான் காசு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பலரும் பின்பற்றும் கணக்கு. அதன்படி 40 சென்டிமீட்டர் கனசதுரப் பெட்டி 12.8 கிலோவாகிவிடும். அதற்காக மெத்தையைக் குறைத்துவிடாதீர்கள்.

மூடும் முன் ஒவ்வொரு வால்வின் உட்புறத்தில் மின்னும் வெள்ளிப் பூச்சையும் போட்டோ எடுத்து வாங்குகிறவருக்கு அனுப்பிவிடுங்கள். பெட்டி வந்ததும் அவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வைச் செட்டில் போட்டுப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.