நட்சத்திரத்தில் ஓட்டை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புதிதாகத் தொலைநோக்கி வாங்கினேன். ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தால் நடுவில் கறுப்பு ஓட்டையோடு வளையமாகத் தெரிந்தது. வானம் பார்க்கும் நண்பர்களிடம் கேட்டேன். “கருந்துளையைக் கண்டுபிடித்துவிட்டார்” என்று ஒரே சிரிப்பு. அதன்பிறகு நான் வாயே திறப்பதில்லை. பல வருடங்களாக இப்படிப்பட்ட நண்பர்களோடு பழகியவர் நீங்கள். உங்கள் நினைவில் நிற்கும் வேடிக்கைகளும் இப்படித்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த ஓட்டை. உங்களுடையது, குழாயின் அடியில் பெரிய குழியாடி உள்ள நியூட்டன் வகையாக இருக்க வேண்டும். அதன் வாய்ப்பக்கம் சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். ஃபோகஸ் விலகியிருக்கும்போது அதன் நிழல்தான் நடுவில் கறுப்பாகத் தெரிகிறது. குமிழை மெல்லத் திருப்புங்கள், வளையம் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகிவிடும். கண்ணாடிகள் நேராக இருக்கின்றனவா என்று சோதிக்க, அனுபவசாலிகள் வேண்டுமென்றே ஃபோகஸை விலக்கி இதே ஓட்டையைப் பார்ப்பார்கள். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

சரி, வேடிக்கைகள். சனியின் வளையத்தை முதல்முறை பார்த்த ஒருவர், யாராவது படம் ஒட்டிவைத்திருக்கிறார்களா என்று குழாயின் முன்பக்கம் போய்ப் பார்த்தாராம். அவர் அதைச் சொன்னதும் “நானும்தான்”, “நானும்தான்” என்று வரிசையாகக் குரல்கள். அந்தச் சிரிப்பில் அவரும் சேர்ந்துகொண்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. கல்லூரிப் பையன் ஒருவன், ரிஷபத்தின் கொம்பு நுனியருகே மங்கலான புகைத்திட்டு ஒன்றைப் பார்த்துவிட்டு, “அண்ணா, புது வால்நட்சத்திரம்!” என்று நள்ளிரவில் எழுதினான். எங்களில் மூத்தவர் ஒருவர் மறுக்கவில்லை. “வால்நட்சத்திரம் என்றால் நகரும். மூன்று ராத்திரி பார்த்துப் படம் வரை தம்பி” என்றார். பையன் வரைந்தான். நான்காம் நாள் சோர்ந்துபோய் வந்தான்: “அது நகரவே இல்லை அண்ணா.”

“1758-இல் மெஸ்ஸியேவுக்கும் நகரவில்லை” என்று மூத்தவரிடமிருந்து பதில் வந்தது. வால்நட்சத்திரம் தேடிய பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெஸ்ஸியே ஏமாந்த அதே நண்டு நெபுலா என்ற வாயு மேகம் அது. மற்றவர்களும் இப்படி ஏமாறக் கூடாதென்றுதான், வால்நட்சத்திரம் போலத் தோன்றும் மங்கலான திட்டுகளுக்கு அவர் பட்டியலே போட்டார். அதில் முதல் எண் இதற்குத்தான். இன்று அந்தப் பட்டியலில் 110 இருக்கின்றன. பையன் துள்ளிக் குதித்துவிட்டான்.

முதல் நாளே தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று மூத்தவரிடம் அப்புறம் கேட்டேன். “சொல்லியிருந்தால் மூன்று ராத்திரி பார்த்திருப்பானா?” என்றார்.

அந்த மூன்று படங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். முதல் படத்தில் ஒரு திட்டு மட்டும். மூன்றாவதில் சுற்றியுள்ள சின்ன நட்சத்திரங்கள்கூட அதனதன் இடத்தில் இருக்கின்றன.

இன்றிரவு வானம் தெளிவாக இருந்தால் குமிழைத் திருப்பிப் பாருங்கள். என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.